தூசி குடிக்கும் சுவர்

கைநிறையப் பொரியை அள்ளி ஹால் நடுவே வீசுகிறார் அருணகிரி அண்ணன். எதிரே நிற்பவர், மகள் கல்யாணத்துக்குப் பட்டு எடுக்கப் போளூரிலிருந்து வந்தவர். இன்னும் உட்காரக்கூட இல்லை. ஆரணியில் வியாபாரம் பேசுமுன் இப்படி ஒரு சடங்கு உண்டு போலிருக்கிறது என்று நினைத்தோ என்னவோ, மரியாதையாகக் கைகூப்புகிறார்.

"இருங்க, கும்புடாதீங்க. இனிமேதான் ஆரம்பமே," என்கிறார் அண்ணன்.

சுவரில், தரைக்கு ஒரு முழம் மேலே, சுவிட்ச் பெட்டி அளவில் வெள்ளை மூடி ஒன்று இருக்கிறது. அதைத் தூக்கி, தோளில் சுற்றிப் போட்டிருக்கும் நீளக் குழாயின் ஒரு முனையை உள்ளே சொருகுகிறார். கொல்லைப்புறத்தில் ஏதோ ஒன்று தூக்கம் கலைந்து உறுமுகிறது. ஹாலுக்கு அந்தச் சத்தம் எட்டுவதே இல்லை. குழாயின் மறுமுனை மட்டும் உஸ்ஸென்று தரையில் ஊர்கிறது. பொரி கூட்டம் கூட்டமாகக் காணாமல் போகிறது. போளூர்க்காரர் சுவரைத் தட்டிப் பார்க்கிறார். அந்தப் பக்கம் போய்ச் சமையலறையை எட்டிப் பார்க்கிறார். பொரி அங்கேயும் இல்லை.

"எங்கங்க போச்சு?"

"அத்த நீங்க கேக்கணும்னுதான் பொரியே வாங்கி வச்சிகினு இருக்கேன்," என்று சொல்லிவிட்டு அண்ணன் உட்காருகிறார். இனி அரை மணி நேரத்துக்குப் பட்டுப் பேச்சு கிடையாது.

அதன் பெயர் சென்ட்ரல் வேக்குவம் சிஸ்டம். வீட்டுக்குள் ஆங்காங்கே சுவரில் துளை, துளைகளையெல்லாம் இணைத்துக்கொண்டு ஓடும் குழாய், அது போய்ச் சேரும் கொல்லையில் ஒரு மோட்டார், மோட்டாருக்கு அடியில் தூசி சேர ஒரு டிரம். அவ்வளவுதான் சங்கதி. ஆனால் ஆரணியில் இது வேறு யார் வீட்டிலும் இருப்பதாக நான் கேள்விப்படவில்லை. பெயரைச் சுருக்கினால் அண்ணனுக்குப் பிடிக்காது. "வேக்குவம் கிளீனர்னு சொல்லாதீங்க டீச்சர். அது நாய்க்குட்டி மாதிரி பின்னாடியே இழுத்துகினு திரியறது. இது வீட்டோட சேர்ந்தது. கரண்டு மாதிரி, தண்ணி மாதிரி."

நான் அடுத்த வீடு. எங்களுக்கும் அவர்களுக்கும் நடுவில் இடுப்பளவு மதில் ஒன்றுதான். அவர் வீட்டு மோட்டார் விடும் காற்று, மதிலுக்கு மேலாக என் துணிக்கொடி மேல்தான் வந்து அடிக்கிறது. முதல் நாள் சண்டைக்குப் போகலாம் என்றுதான் கிளம்பினேன். சேலை சீக்கிரம் உலர்வதைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன்.

அண்ணனுக்கு அறுபதை எட்டிப் பிடிக்கும் வயது. ஒல்லி. சலவை மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. வலது கைச் சுண்டுவிரலில் மட்டும் நகம் வளர்த்திருப்பார். பட்டில் பிசிறிட்ட ஒற்றை இழையைத் தூக்க அது வேண்டும். பெரணமல்லூர்ப் பக்கமும் ஊருக்குள்ளும் தறிக்காரர்களிடம் பாவு நூலும் ஜரிகையும் கொடுத்து நெய்து வாங்குகிறார். வியாபாரத்தில் விலையை முதலில் தன் வாயால் சொல்லமாட்டார். சேலையை ஒரு வீச்சில் விரித்து, அதன்மேல் கையை வைத்தபடி, எதிராளி பேசும்வரை மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார். வீட்டு வேலையில் மட்டும் அவருக்கும் உலகத்துக்கும் சம்பந்தம் கிடையாது. சொந்தச் சட்டைக்குச் சொந்தமாகப் பித்தான் மாட்டிக்கொள்வதே பெரிய காரியம் என்று நினைப்பவர். துடைப்பம் இருக்கும் மூலை எதுவென்று கேட்டால் திருதிருவென்று விழித்திருப்பார்.

அப்படிப்பட்டவர் இன்று வெறுங்காலோடு வீடு முழுக்க நடந்து, உள்ளங்காலால் தூசி பார்க்கிறார். நடந்துகொண்டே இருந்தவர் சட்டென்று நிற்பார். பாதத்தை முன்னும் பின்னும் தேய்ப்பார். "இங்க ஒண்ணு கீது," என்று குழாயை எடுக்க ஓடுவார். வாடிக்கையாளரிடம் இதையெல்லாம் கௌரவத்துக்காக வைத்தது போலப் பேசுவார். "நாமளும் நாலு பேர் மாதிரி இருக்கணும் இல்லீங்களா" என்பார். அது பொய். எனக்குத் தெரியும், இந்தத் தெருவுக்கே தெரியும்.

எல்லாம் ஜெயம் அக்காவுக்காக. அவர் மனைவி. தறியிலிருந்து இறங்கும் எந்தச் சேலையும் அக்கா கையைத் தாண்டாமல் கடைக்குப் போகாது. முகப்பிலே பூ பூவாக ஜரிகை தெரியும் இல்லையா, பின்பக்கம் திருப்பினால் ஒரு பூவுக்கும் அடுத்த பூவுக்கும் நடுவே ஜரிகை சும்மா தொங்கிக்கொண்டிருக்கும். அதைத் துணியில் படாமல் கத்தரிக்கோலால் நறுக்க வேண்டும். அக்கா ஹாலில் பாயை விரித்து, சேலையை மடியில் போட்டுக்கொண்டு நறுக்குவார். பேச்சு பேச்சாக இருக்கும், கத்தரி கத்தரியாக இருக்கும். கண்ணை மூடி விரலை ஓட்டியே எந்த இழை விட்டுப்போயிருக்கிறது என்று சொல்வார். தறிக்காரர்கள் அண்ணனுக்குப் பயப்படுவதில்லை, "அம்மா பாத்துட்டாங்களா?" என்றுதான் கேட்பார்கள்.

அந்த வேலையில் பட்டுப்பிசிறு பறக்கும். கண்ணுக்குத் தெரியாது. வருஷக்கணக்கில் அதற்குள்ளேயே உட்கார்ந்து அக்காவுக்கு இளைப்பு வந்துவிட்டது. மாடிப்படி ஏறினால் நெஞ்சுக்குள் பூனைக்குட்டி கத்துவது போல ஒரு சத்தம். தலையணைகளை அடுக்கிச் சாய்ந்து உட்கார்ந்தபடிதான் தூக்கம். வேலூர் டாக்டர் வாயில் வைத்து இழுக்கும் பம்ப் கொடுத்தார். தூசியில் உட்காரக்கூடாது என்றும் சொன்னார். அக்கா பம்பை வாங்கிக்கொண்டார்; மற்றதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. முகக்கவசம் வாங்கித் தந்தால் அதைத் தாடையில் போட்டுக்கொண்டார். இந்த வேலையை வேறு ஒரு வீட்டுக்கு மாற்றி, ஆள் வைத்துச் செய்யலாம் என்று அண்ணன் ஒருமுறை வாய்தவறிச் சொன்னார். அன்றைக்கு அண்ணன் ஓட்டலில் இட்லி தின்றுகொண்டிருந்ததைப் பார்த்தவர்கள் உண்டு.

மகள் சுகன்யா பெங்களூரில் இருக்கிறாள். ஏழாவது மாடி. போன ஆனி மாதம் வந்தவள் அம்மா உட்கார்ந்தபடி தூங்குவதைப் பார்த்துவிட்டாள். கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்: "பொங்கலுக்கு வர்றேன். அப்பவும் இதே மாதிரி இருந்தா நான் யார்கிட்டயும் பேசமாட்டேன். அம்மாவ கார்ல ஏத்திகினு போயிகினே இருப்பேன்."

சொன்னால் செய்கிற பெண் அவள். அக்கா அன்று மாலை என்னிடம் வந்து அழுதார். "பெத்த பொண்ணு வூடுதான், இல்லன்னு சொல்லல. ஆனா அங்க போயி நான் இன்னா பண்றது சாரா? பால்கனில நின்னு போற வர்ற காரைப் பாத்துகினு இருக்கறதா? இங்க ஒரு சேலை என் கைக்கு வராம போகாது. அங்க என்னை யாருக்குத் தெரியும்?"

மதிலுக்கு அந்தப் பக்கம் அண்ணனும் இதைக் கேட்டிருக்க வேண்டும்.

கோயம்புத்தூரில் ஒரு பெரிய வீட்டுக்குக் கல்யாணச் சேலைகளை எடுத்துப்போன இடத்தில்தான் அவர் அந்தச் சுவரைப் பார்த்தார். அந்த வீட்டு அம்மா மூடியைத் திறந்து குழாயைச் சொருகி ஹாலைப் பெருக்கினாராம். தூசி ஒரு பொட்டு மேலே எழும்பவில்லையாம். உள்ளே எடுத்த காற்றை வீட்டுக்குள்ளேயே திருப்பி விடாமல் வெளியே கொண்டுபோய் விடுகிறதாம். அண்ணன் தான் கொண்டுபோன சேலைகளை விரிக்கவே மறந்துபோய், மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்திருக்கிறார். திரும்பி வந்தவர் முகத்தில் புதையல் கண்டெடுத்தவனின் களை.

ஆடி மாதம் முகூர்த்தம் கிடையாது, பட்டு எடுக்க ஆள் வராமல் வீடு காலி. அப்போதே வேலையை ஆரம்பித்தார். மோட்டாரும் டிரம்மும் சென்னையிலிருந்து வந்தன. பைப் போடுவது வீட்டுக்காரர் பொறுப்பு என்று சொல்லிவிட்டார்கள். அதனால் நம் ஊர் பிளம்பர் சடையப்பன் வந்தார். ஆரணியில் பாதி வீட்டுக்குத் தண்ணீர் விட்டவர். கம்பெனிக்காரர்கள் கொடுத்த பைப் படத்தைத் தலைகீழாகவும் நேராகவும் பார்த்துவிட்டு, "கழிவு ஹால்லேருந்து ஏன் போவுது?" என்று கேட்டார்.

"இது தண்ணி இல்லப்பா. காத்து."

"காத்தா இருந்தா இன்னாங்க, வாட்டம் வேணும் இல்ல? வாட்டம் இல்லாம எந்தப் பைப்பும் நான் போட்டதில்ல."

கடைசியில் காற்றுக்கும் சரிவாக வாட்டம் கொடுத்துத்தான் பைப் போட்டார்கள். ஏற்கெனவே கட்டிய வீடு, சுவருக்குள் புதைக்க முடியாது. வெளிச்சுவரில் ஏறி, மொட்டை மாடியில் ஓடி, கொல்லையில் இறங்கியது. வீட்டுக்கே குளுக்கோஸ் ஏற்றியிருப்பது போல இருந்தது. திருப்பங்களில் எல்லாம் சடையப்பன் தண்ணீர்க் குழாய்க்குப் போடும் நறுக்கென்று மடங்கும் முழங்கைத் துண்டைப் போட்டுவிட்டார். முதல் வாரமே அக்காவின் தலைமுடியும் பட்டுப்பிசிறும் சேர்ந்து ஒரு முழங்கையில் பந்தாக அடைத்துக்கொண்டது. எந்த முழங்கை என்று கண்டுபிடிக்க இரண்டு பேரும் மாடியில் குழாயைக் கரண்டியால் தட்டிக்கொண்டே போனார்கள். நான் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தேன். அன்று என்னிடம் மார்க் வாங்கிய பிள்ளைகள் பாவம். பிறகு எல்லாத் திருப்பத்தையும் பிரித்து, நீளமாக வளைந்த பெண்டு பைப் வாங்கிப் போட்டார்கள். "பேஜார் புடிச்ச வேலைங்க இது" என்று சடையப்பன் சொல்லிவிட்டுப் போனார். ஆனால் இன்றைக்கும் இந்தத் தெருவில் யார் வீட்டுக்கு வந்தாலும் மாடியை அண்ணாந்து பார்த்து, "நான் போட்டது" என்று காட்டாமல் போகமாட்டார்.

ஆயுத பூஜைக்கு மோட்டாருக்குப் பொட்டு வைத்தார்கள். டிரம்முக்குச் சாமந்தி மாலை.

விளக்கு வைத்த பிறகு அந்த வீட்டில் பெருக்கமாட்டார்கள்; லட்சுமி வெளியே போய்விடுவாள். மிஷின் வந்ததும் அண்ணனுக்கு இதில் ஒரு சந்தேகம் கிளம்பியது. அக்கா ஒரு நிமிஷம் யோசித்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னார். தூசி வாசலைத் தாண்டவில்லை, டிரம்மில்தான் இருக்கிறது, டிரம் நம் கொல்லையில் இருக்கிறது. ஆகவே எந்நேரமும் இழுக்கலாம். ஆனால் வெள்ளியும் செவ்வாயும் டிரம்மைக் கொட்டக்கூடாது. நான் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகிறவள், எனக்கு இதில் கருத்துச் சொல்ல உரிமை இல்லை. இருந்தாலும் இத்தனை சுத்தமான தீர்ப்பை நான் கேட்டதில்லை.

இனி எல்லாம் சரியாகிவிடும் என்று நாங்கள் எல்லோரும் நினைத்தோம். தரையில் முகம் பார்க்கலாம். ஜன்னல் கம்பியில் விரலை வைத்து இழுத்தால் விரல் விரலாகவே இருந்தது. ஆனால் ஐப்பசி மழை பிடித்தபோது அக்காவின் இளைப்பு குறையவில்லை. கூடியது. பூனைக்குட்டி பெரிய பூனையாகிவிட்டது. பம்பு தீர்ந்து தீர்ந்து வாங்கினார்கள்.

அண்ணன் சோற்றில் கை வைக்காமல் எழுந்த நாட்கள் அவை. எங்கோ குழாய் ஒழுகுகிறது என்று முடிவு கட்டினார். ஊதுபத்தி ஒன்றைப் பற்றவைத்து, இணைப்புக்கு இணைப்பு அதைக் காட்டிக்கொண்டே குழாய் நெடுக நடந்தார். புகை எங்கே உள்ளே வளைகிறதோ அங்கே ஓட்டை. தெருவில் போன பெண்கள் அண்ணன் பைப்புக்குத் தீபாராதனை காட்டுவதாக நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். ஓட்டை ஒன்றும் இல்லை. ஃபில்டரை மாற்றினார். அதுவும் இல்லை. பிறகு சந்தேகம் என் பக்கம் திரும்பியது. "கோச்சிக்காதீங்க டீச்சர், உங்க பூனை ராத்திரில எங்க வூட்டுப் பக்கம் வருதா?" என்னிடம் பூனை கிடையாது. சொன்னேன். நம்பியது போலத் தெரியவில்லை.

"இன்னும் பொங்கலுக்கு எம்மாம் நாளு கீது," என்று அவர் கேட்டபோது சிரிப்பு வரவில்லை. காலண்டர் அவர் தலைக்கு மேலேதான் தொங்கிக்கொண்டிருந்தது.

கார்த்திகையில் ஒரு நாள், மழை விடுமுறை. அக்காவிடம் வாங்கிய இட்லித் தட்டைத் திருப்பிக் கொடுக்கக் கொல்லை வழியாகப் போனேன். குளியலறைக் கதவு சாத்தியிருந்தது. உள்ளிருந்து இருமல். பயந்துபோய்த் தள்ளினேன்.

அக்கா மணைப்பலகையில் உட்கார்ந்திருந்தார். எதிரே விரித்த செய்தித்தாள். அதன்மேல் டிரம்மைக் கவிழ்த்துக் கொட்டிய தூசி, ஒரு சின்ன மலை. கண்ணாடி போட்டிருந்தும் சரியாகத் தெரியவில்லை போலிருக்கிறது, மூக்கு மலையுச்சியில் இடிக்கும் அளவுக்குக் குனிந்து, இரண்டு விரலால் எதையோ பொறுக்கிப் பொறுக்கி ஒரு கிண்ணத்தில் போட்டுக்கொண்டிருந்தார். ஜரிகை. நறுக்கின துணுக்குகள், எறும்புக்கால் நீளம்கூட இல்லாதவை.

"கதவ சாத்து சாரா, ஜல்தி. காத்து வந்தா பறந்துடும்."

"இது என்னக்கா?"

"பின்ன? ஜரிகைய குப்பையில கொட்டுவாங்களா? கை வெளங்குமா?"

இந்தத் தெருவில் யார் வீட்டிலும் ஜரிகைத் துணுக்கைக் குப்பையோடு சேர்ப்பதில்லை. சேர்த்து வைத்து, உருக்கி வெள்ளி எடுக்கிறவரிடம் கொடுப்பார்கள். சுகன்யா காலேஜுக்குப் போட்டுக்கொண்டு போன கொலுசே அப்படி வந்ததுதான். முன்பு அக்கா பாயைச் சுற்றிக் கையாலேயே பொறுக்கிவிடுவார். இப்போது அண்ணன் வெறுங்காலோடு வந்து ஒரே உறிஞ்சில் எல்லாவற்றையும் டிரம்முக்கு அனுப்பிவிடுகிறார். அதனால் அக்கா, அண்ணன் தறிகளைப் பார்க்க வண்டியில் கிளம்பியதும் டிரம்மைக் கழற்றி, கதவைச் சாத்தி, காற்றுப்போக்கு இல்லாத அந்த அறையில் உட்கார்ந்துவிடுகிறார். தினமும். வெள்ளி, செவ்வாய் நீங்கலாக.

அதைவிடப் பெரிய வேடிக்கை, அக்காவுக்கு மிஷின் மேல் அப்படி ஒரு மதிப்பு. "நல்ல மிஷினு சாரா. சும்மா சொல்லக்கூடாது. வூட்டுல கீற தூசி எல்லாத்தையும் ஒரே எடத்துல கொண்டாந்து குடுத்துடுது. நாலு மூலைல தேட வேணாம்."

பின்னால் யாரோ நிற்பது தெரிந்து திரும்பினேன். அண்ணன். செல்போனை மறந்து வைத்துவிட்டு எடுக்க வந்திருக்கிறார். மழையில் சட்டை நனைந்து தோளோடு ஒட்டியிருந்தது. மலையைப் பார்த்தார். கிண்ணத்தைப் பார்த்தார். அக்காவின் மூக்கு நுனியில் ஒட்டியிருந்த சாம்பல் நிறத்தைப் பார்த்தார். நாள் முழுக்க வீட்டிலிருந்த தூசியை எல்லாம் வழித்தெடுத்து, தட்டில் வைத்து மனைவிக்குப் பரிமாறியது தான்தான் என்று அவருக்கு அப்போது விளங்கியிருக்க வேண்டும். கண் கலங்கியது. நான் இட்லித் தட்டைத் துடைக்க ஆரம்பித்தேன், அது ஏற்கெனவே துடைத்த தட்டு.

"இன்னாங்க, கோவமா?" என்றார் அக்கா.

"இல்ல."

"இத்த நிறுத்தச் சொல்லாதீங்க."

"சொல்லல ஜெயம். நீ மொதல்ல எழுந்து வெளிய வா."

நிறுத்தச் சொன்னால் ஓட்டல் இட்லிதான் என்பது அவருக்குத் தெரியும். அது மட்டும் இல்லை. ஜரிகையைக் குப்பையில் கொட்ட அவருக்கும் மனசு வராது. அவரும் அதே தெருவில் பிறந்தவர்தானே.

அடுத்த ஒரு வாரம் அண்ணன் விஞ்ஞானியாக இருந்தார். குழாய் முனையில் டீ வடிகட்டியைக் கட்டினார். பிசிறு அடைத்துக்கொண்டு மோட்டார் கதறியது. பழைய ஸ்பீக்கரை உடைத்துக் காந்தத்தை எடுத்துவந்து தூசிமேல் ஆட்டினார். காணாமல் போயிருந்த ஊசிகளும் குண்டூசிகளும் பாய்ந்து வந்தன, ஜரிகை அசையவில்லை. ஒரு காலையில் காப்பி டம்ளரோடு சமையலறை வாசலில் நின்றபடி, அக்கா அரிசியைத் தண்ணீரில் ஆட்டி ஆட்டிக் கல் அரிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார். கல்யாணம் ஆன நாளாக அந்த வீட்டில் அரிசி அரிக்கிறார்கள். அன்றுதான் அதைப் பார்த்தாராம். காப்பியை அப்படியே வைத்துவிட்டுக் கொல்லைக்கு ஓடினார்.

அன்றிலிருந்து வேலை அவருடையது. அக்கா வீட்டுக்குள், கொல்லைக் கதவு சாத்தியிருக்கும். அண்ணன் மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு, டிரம் மூடியை ஒரு விரற்கடை தூக்கி, செடிக்குத் தண்ணீர் விடும் குழாயை அதற்குள் நுழைப்பார். உள்ளே எல்லாம் ஊறிய பிறகுதான் திறப்பார். கொஞ்சம் ஷாம்பு. பிறகு வாயகன்ற பேசினில் ஊற்றி, குந்தி உட்கார்ந்து ஆட்டுவார். பிசிறும் முடியும் மிதக்கும். ஜரிகை அடியில் படியும். முதல் சில நாட்கள் ஜரிகையும் சேர்ந்தே சாக்கடைக்குப் போனது. அக்கா ஜன்னலுக்குள்ளிருந்து தலையில் அடித்துக்கொண்டார்.

"அப்படி இல்லீங்க. கைய மெதுவா ஆட்டுங்க. அரிசி அரிக்கறதப் பாத்ததே இல்லியா?"

"பாத்தேன். ஒரு வாட்டி பாத்தேன்."

மார்கழிப் பனியிலும் நடந்தது இது. சேலைக்கு விலை பேசும் அந்தக் கை தண்ணீரில் ஊறி விரல் நுனியெல்லாம் சுருங்கிப்போயிருக்கும். பட்டு எடுக்க வருகிறவர்கள் காத்திருப்பார்கள். காத்திருக்கட்டும் என்பார். அக்காவின் தலையணைகளில் ஒன்று கீழே இறங்கியது. பிறகு இன்னொன்று. அதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. கண் பட்டுவிடும் என்று நானும் சொல்லவில்லை.

பொங்கலுக்குச் சுகன்யா வந்தாள். கையில் காலிப் பெட்டி ஒன்று, அம்மாவின் துணிமணிகளுக்காக. வந்ததும் வராததுமாக அம்மாவை மாடிப்படி ஏறச் சொன்னாள். ஏறினார். இறங்கச் சொன்னாள். இறங்கினார். அண்ணன் படிக்கட்டின் கீழே கைப்பிடியைப் பிடித்தபடி ஒவ்வொரு படிக்கும் தானே மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். சாப்பாட்டுக்குப் பிறகு அக்கா பாயில் ஒற்றைத் தலையணையில் மல்லாந்து படுத்துத் தூங்கினார். வாய் லேசாகத் திறந்திருந்தது. சுகன்யா பக்கத்தில் உட்கார்ந்து குனிந்து காது கொடுத்தாள். வெகுநேரம் அப்படியே இருந்தாள். மகள் எழுந்து வரும்வரை அண்ணன் வாசலுக்கும் கொல்லைக்குமாக நடந்துகொண்டிருந்தார், உள்ளங்காலை ஒருமுறைகூடத் தரையில் தேய்க்காமல்.

அவள் வெளியே வந்து, "எனக்கு வடகம் போட்டு வச்சிருக்கீங்களா இல்லியா?" என்று கேட்டாள். அவ்வளவுதான்.

ஊருக்குப் போகும்போது அந்தப் பெட்டியில் வடகமும் முறுக்கும் மிளகாய்ப்பொடியும் அடைபட்டிருந்தன. மூட முடியாமல் அண்ணன் அதன்மேல் ஏறி உட்கார்ந்தார். "அடுத்த ஆனில திரும்பி வந்து பாப்பேன்," என்று அவரை மிரட்டிவிட்டுத்தான் சுகன்யா காரில் ஏறினாள்.

அன்று பிற்பகல் நான் துணி எடுக்கப் போனபோது அண்ணன் துவைக்கிற கல் பக்கத்தில் குந்தியிருந்தார். பேசினில் கடைசித் தண்ணீரைச் சாய்த்து வடித்தார். அடியில் ஒரு சிட்டிகை தேறியிருந்தது. அதை வழித்து உள்ளங்கையில் வைத்து, துண்டு நுனியால் ஒற்றி ஒற்றி ஈரம் எடுத்தார். ஜன்னலுக்கு உள்ளே அக்கா கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இன்னிக்கி எம்மாம் தேறுச்சு? காட்டுங்க," என்று கையை நீட்டினார்.

"இரு."

அண்ணன் மூக்கில் கட்டியிருந்த துண்டைக் கழுத்துக்கு இறக்கினார். உள்ளங்கையை முகத்தருகே கொண்டுபோய், கண்ணை மூடிக்கொண்டு, நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தார். அப்படியே காத்திருந்தார். தும்மல் வரவில்லை. இருமலும் வரவில்லை. சந்தேகத்துக்கு இன்னொரு முறை இழுத்தார். அப்புறம்தான் கையைக் கம்பிக்குள் நீட்டினார்.